பழைய அங்குல லேத்துக்கு டிஆர்ஓ பூட்டினால் எவ்வளவு அளவு பிடிக்கும்?

ஆரையம்பதியில் வீட்டுக் கொட்டிலில் ஒரு பழைய மைஃபோர்ட் எம்எல்7 லேத் வைத்திருக்கிறீர்கள். டயல் எல்லாம் அங்குலக் கணக்கு; வருகிற வேலையெல்லாம் மில்லிமீற்றர். லேண்ட்மாஸ்டர் ஷாப்ட், தண்ணீர்ப் பம்பு, படகு எஞ்சின் புஷ் என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்லைட் நகர்வதை ஸ்கேலால் அளந்து திரையில் எண்ணாகக் காட்டுகிற டிஜிட்டல் றீட்அவுட், அதாவது டிஆர்ஓ, பூட்டினால் 0.01 மில்லிமீற்றருக்கு வேலை செய்யலாமா, கண்ணாடி ஸ்கேலா காந்த ஸ்கேலா, டூலை உள்ளே வெளியே நகர்த்துகிற கிறொஸ் ஸ்லைடில் அதை எங்கே பூட்டுவது, மில்லிமீற்றர் மரை வெட்டவும் உதவுமா என்பவை உங்கள் கேள்விகள். நாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: காசு செலவழித்து இதைப் பூட்டினால் பழைய லேத் புது லேத் மாதிரி அளவு பிடிக்குமா? பிடிக்காது. ஆனால் அங்குல டயலோடு நீங்கள் படுகிற பாடு பெரும்பாலும் தீரும்.

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு, கல்முனைப் பக்கம் அரிசி ஆலை வேலையும் படகு வேலையும் எடுக்கிற பட்டறைகளில் பல வருடம் லேத்தில் நின்றவன். இந்தச் சாமானைப் பூட்டியும் இருக்கிறேன், மற்றவர்கள் பூட்டியதைக் கழற்றிச் சரிசெய்தும் இருக்கிறேன். உங்கள் மெசினைப் பார்க்காமல்தான் பேசுகிறேன். ஆகவே கணக்குப் போட்டுச் சொல்லக்கூடியதை நிச்சயமாகவும், மெசினின் தேய்மானத்தைப் பொறுத்ததை அப்படியென்றும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் நிச்சயமானது. எம்எல்7 இன் கிறொஸ் ஸ்லைட் ஸ்குறூ அங்குலத்துக்கு 10 மரை. ஒரு சுற்றுக்கு ஸ்லைட் 0.1 அங்குலம் நகரும். டயலில் 100 கோடு. ஒரு கோடு 0.001 அங்குலம், அதாவது 0.0254 மில்லிமீற்றர். டூல் அவ்வளவு உள்ளே போனால் விட்டத்தில் அதன் இரண்டு மடங்கு, ஏறக்குறைய 0.05, குறையும். இப்போது 6205 பேரிங்குக்கு ஒரு ஷாப்ட் கடைகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உள்விட்டம் 25 மில்லிமீற்றர். வழக்கமான கே6 என்ற பொருத்தத் தரத்துக்கு ஷாப்ட் 25.002 க்கும் 25.015 க்கும் இடையில் இருக்க வேண்டும். இடைவெளி 13 மைக்ரோன், அதாவது 0.013 மில்லிமீற்றர். டயலில் ஒரு கோடு அதைப்போல் நாலு மடங்கு. கோடுகளுக்கு நடுவில் கண்ணால் பிரித்து, 25.4 ஆல் பெருக்கி, பேக்லாஷையும், அதாவது ஸ்குறூவுக்கும் நட்டுக்கும் இடையிலுள்ள ஆட்டத்தையும், மனதில் கழித்துத்தான் இவ்வளவு காலமும் வேலை நடந்திருக்கிறது. டிஆர்ஓ இந்த மூன்றையும் எடுத்துவிடும். அது ஸ்குறூவைப் பார்ப்பதில்லை, ஸ்லைட் உண்மையில் எங்கே நிற்கிறது என்பதை நேராகப் பார்க்கிறது. அதனால் ஸ்குறூவும் நட்டும் தேய்ந்து கால் சுற்று ஆடினாலும் எண் பிசகாது. ஒன்று மட்டும்: பேக்லாஷ் எண்ணிலிருந்துதான் போகிறது, மெசினிலிருந்து போவதில்லை. வெட்டும்போது டூல் ஸ்லைடை இழுத்தால் ஸ்லைட் போகத்தான் செய்யும். போனதை டிஸ்பிளே காட்டும், அவ்வளவுதான்.

அடுத்தது ஸ்கேலின் நுணுக்கம். சாதாரணமாகக் கிடைக்கிற கண்ணாடி ஸ்கேலில் 0.02 மில்லிமீற்றருக்கு ஒரு கோடு. ஒவ்வொரு கோட்டையும் ஸ்கேலில் ஓடுகிற றீடர் ஹெட் நாலாகப் பிரித்து 5 மைக்ரோன் படியாக எண்ணும். நீளவாக்கில் இது தாராளம். கிறொஸ் ஸ்லைடில் 5 மைக்ரோன் என்றால் விட்டத்தில் 0.01, அதாவது டிஸ்பிளே 25.00 இலிருந்து 25.01 க்குத் தாவும். மேலே சொன்ன பேரிங் இருக்கையின் முழு இடைவெளியே 0.013 தானே. ஆகவே கிறொஸ் ஸ்லைடுக்கு 1 மைக்ரோன் ஸ்கேல் வாங்குங்கள். விலை வித்தியாசத்துக்கு யோசிக்காதீர்கள், பின்னால் மாற்றுவது அதைவிடச் செலவு.

ஆனால் எண் அவ்வளவு நுணுக்கமாக ஓடுவதால் வேலையும் அவ்வளவு நுணுக்கமாக வரும் என்று நினைக்க வேண்டாம். டூல் வளையும், மெல்லிய ஷாப்ட் டூலை விட்டு விலகும், மழுங்கிய முனை வெட்டாமல் தேய்த்துக்கொண்டு போகும். இவை எதையும் டிஆர்ஓ அறியாது. சூடும் அப்படித்தான். இரும்பு ஒரு பாகைக்கு, ஒரு மீற்றருக்கு 11.5 மைக்ரோன் அளவில் விரியும். 25 மில்லிமீற்றர் ஷாப்ட் கடைசலில் 30 பாகை சூடேறினால் விட்டம் கிட்டத்தட்ட 9 மைக்ரோன் கூடிவிடும். உங்களிடம் இருக்கிற 13 மைக்ரோனில் மூன்றில் இரண்டு பங்கு அதிலேயே போய்விட்டது. கடைசி இரண்டு வெட்டுக்கு முன் ஆறவிட்டு மைக்ரோமீற்றர் வைத்துப் பார்க்கும் பழக்கத்தை டிஆர்ஓ வந்தாலும் விடக்கூடாது. 0.01 க்கு வேலை செய்யலாமா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: மைக்ரோமீற்றரும் கையில் இருந்தால் பேரிங் இருக்கைக்கு வேண்டிய அளவுக்கு வரலாம்; டிஸ்பிளேயை மட்டும் நம்பினால் 0.03, 0.04 பிசகுவதை எதிர்பாருங்கள். அந்தப் பிசகு மெசினின் நிலையைப் பொறுத்தது, கூடலாம், குறையலாம்.

அந்த நிலையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஸ்கேல் ஓர்டர் பண்ணுவதற்கு முன் கிறொஸ் ஸ்லைடின் ஆட்டத்தை இறுக்குகிற ஜிப் ஸ்குறூக்களைச் சரிசெய்யுங்கள். காரணம் இருக்கிறது. ஸ்கேல் ஸ்லைடின் பக்கத்தில், டூல் முனையைவிடத் தாழ்வாக இருக்கும். இரண்டுக்கும் உயர வித்தியாசம் 60 மில்லிமீற்றர் என்று வையுங்கள். ஜிப் தளர்ந்து ஸ்லைட் 100 மில்லிமீற்றருக்கு 0.1 என்ற அளவுக்குச் சாய்ந்தால் முனை 0.06 நகர்ந்துவிடும், ஸ்கேல் இருக்கிற இடத்தில் ஒன்றும் தெரியாது. விட்டத்தில் அது 0.12. ஆயிரம் கோடு உள்ள ஸ்கேல் பூட்டினாலும் இதைப் பிடிக்க முடியாது. அப்புறம் பெட், அதாவது லேத்தின் அடித்தண்டவாளம், நெளிவது. நம் பக்கத்தில் பலர் லேத்தைப் பலகை மேசையில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். மார்கழி மழையில் பலகை ஊறி எழும்பும், சித்திரை வெயிலில் காய்ந்து இறங்கும், அதோடு மெலிந்த பெட்டும் முறுகும். சோதிப்பது சுலபம். 25, 30 மில்லிமீற்றர் தடிப்பான கம்பியைச் சக்கில் பிடித்து, மறுமுனையைத் தாங்குகிற டெயில் ஸ்டொக் கொடுக்காமல், 100 மில்லிமீற்றர் இடைவெளியில் இரண்டு வளையம் விட்டு நடுவைக் குறைத்து, இரண்டு வளையத்திலும் ஒரே அமைப்பில் மெல்லிய வெட்டு எடுங்கள். இரண்டு விட்டமும் ஒன்றாக வர வேண்டும். வராவிட்டால் டெயில் ஸ்டொக் பக்கத்துக் காலுக்கடியில் தகடு வைத்துச் சரிசெய்து, திரும்பவும் வெட்டிப் பாருங்கள். பழைய எம்எல்7 இல் ஹெட் ஸ்டொக் ஸ்பின்டில் ஓடுவது வெள்ளை உலோக பேரிங்கில். அதில் ஆட்டம் இருந்தால் அந்த வேலை டிஆர்ஓவுக்கு முந்தியது.

எந்த அச்சுக்கு முதலில் பூட்டுவது என்று நீங்கள் கேட்கவில்லை. இரண்டையும் ஒன்றாக வாங்கக் காசு இல்லாவிட்டால் நான் நீளவாக்கு, அதாவது பெட்டின் நீளத்துக்கு ஓடுகிற சேடில் அச்சைத்தான் முதலில் செய்வேன். பலர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், விட்டம்தானே முக்கியம் என்பார்கள். ஆனால் விட்டத்தைப் பார்க்க உங்களிடம் மைக்ரோமீற்றர் இருக்கிறது, டயலும் இருக்கிறது. எம்எல்7 இன் சேடில் கைச்சக்கரத்தில் அளவுக்கோடே கிடையாது. தோள் எங்கே வருகிறது, சேர்கிளிப் பள்ளம் எத்தனை மில்லிமீற்றரில் என்று வேர்னியரை வைத்து வைத்துப் பார்ப்பதில்தான் பாதி நேரம் போகிறது. அந்த நேரம் முதல் நாளே மிச்சமாகும். பூட்டுவதும் இதுதான் இலகு: பெட்டின் பின்பக்கம் காலியாகக் கிடக்கிறது.

கண்ணாடியா காந்தமா என்பதில் எங்கள் ஊர்க் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. இரவில் ஈரம் இறங்கும், காலையில் இரும்பு வேர்க்கும். கண்ணாடி ஸ்கேல் அலுமினியக் கூட்டுக்குள் ரப்பர் இதழ்களால் மூடியிருக்கும். அந்த இதழ் கீழ்நோக்கியோ, சீவல் வராத பக்கம் பார்த்தோ இருந்தால் நன்றாகத் தாங்கும். எண்ணெய்ப் படலமும் ஈரமும் உள்ளே போய்விட்டால் எண் தாவும். கூடு பருமனானது, மொத்த நீளமும் அளக்கிற நீளத்தைவிட ஏறக்குறைய 140 மில்லிமீற்றர் கூட வரும். வெட்டிக் குறைக்க முடியாது. காந்த ஸ்கேல் 10 மில்லிமீற்றர் அகல நாடாதான். வேண்டிய நீளத்துக்கு வெட்டி ஒட்டலாம். எண்ணெய், தண்ணீர் ஒன்றும் செய்யாது. அதன் பலவீனம் வார்ப்பிரும்புத் தூள். புலி, அதாவது பெல்ட் ஓடுகிற சில்லு, கடைந்தால் அந்தக் கறுப்புத் தூள் நாடாவில் அப்பிக்கொள்ளும், மேலே ஸ்டெயின்லெஸ் தகடு ஒட்டி அடிக்கடி துடைக்க வேண்டும். டயல் கேஜ் நிறுத்துகிற மெக்னட் பேஸை அந்த நாடாவில் தவறியும் வைக்கக்கூடாது. அந்த இடத்துக் காந்தப் பதிவு கெட்டுவிட்டால் நாடாவையே மாற்ற வேண்டியதுதான். என் தேர்வு: சேடிலுக்கு எது மலிவாகக் கிடைக்கிறதோ அது, கிறொஸ் ஸ்லைடுக்குக் காந்தம். டிஜிட்டல் வேர்னியர் மாதிரியான மலிவு ஸ்கேல்களும் இருக்கின்றன. அவை ஈரத்தில் உளறும். டெயில் ஸ்டொக் குவிலில், அதாவது அதிலிருந்து வெளியே நீளுகிற தண்டில், துளை ஆழம் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள், வேறெதற்கும் வேண்டாம்.

கிறொஸ் ஸ்லைட்தான் தலையிடி. டெயில் ஸ்டொக் பக்கம் பூட்டினால் ஸ்கேலின் பருமன் அளவுக்கு டெயில் ஸ்டொக் தள்ளி நிற்கும். அதை ஈடுகட்டக் குவிலை நீட்டினால் பிடிமானம் குறையும். சக் பக்கம் பூட்டினால் சூடான சீவல் முழுதும் அதன்மேல்தான் கொட்டும். பெரிய வேலையைப் பிடிக்கும்போது சக்கின் தாடை வெளியே நீண்டு ஸ்கேலைத் தட்டவும் கூடும். இரண்டில் ஒன்று என்றால் டெயில் ஸ்டொக் பக்கம், ஆனால் மெலிந்த ஸ்கேல். காந்த நாடாவைக் கிறொஸ் ஸ்லைடின் பக்கத்திலேயே ஒட்டி, றீடர் ஹெட்டைச் சேடிலில் அசையாமல் பூட்டினால் அரை விரல் பருமன்கூட எடுக்காத மாதிரி அமைக்கலாம். வயரும் ஸ்லைடோடு ஓடி அறுபடாது. நாடா ஒட்டுகிற பரப்பு மட்டமாக இருக்க வேண்டும். வார்ப்பு முண்டும் முடிச்சுமாக இருந்தால் அலுமினியப் பட்டி ஒன்றைப் பூட்டி அதன்மேல் ஒட்டுங்கள். அந்தப் பட்டி ஜிப் ஸ்குறூவையோ சேடில் பூட்டுகிற போல்டையோ மறைத்தால், சாவி போகத் துளை போட்டுவிட்டுப் பூட்டுங்கள். ஒரு பட்டறையில் இதைச் செய்யாமல் விட்டு, ஜிப் இறுக்குகிற ஒவ்வொரு தடவையும் ஸ்கேலைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஜிப் இறுக்குவதையே விட்டுவிட்டார்கள்.

பூட்டும் முறையில் கவனிக்க வேண்டியது ஸ்கேல் நேராக நிற்பதும் இறுக்கமும். பெட்டின் பின்பக்கம் வார்த்தபடியே, சமமில்லாமல் இருக்கும். ஸ்கேலை நேராக அதில் வைத்து இறுக்கினால் கூடு வளையும். இரண்டு முனையிலும் தாங்கு துண்டு கொடுத்து, சேடிலில் டயல் கேஜை நிறுத்தி, கூட்டின் மேற்பக்கத்தையும் முன்பக்கத்தையும் முழு நீளத்துக்கு ஓட்டிப் பாருங்கள். 0.1 க்குள் வந்தால் போதும். றீடர் ஹெட்டுக்கும் கூட்டுக்கும் இடையில் விடுகிற இடைவெளிக்கு, ஹெட்டைப் பிடித்திருக்கிற பிளாஸ்ரிக் துண்டையே அளவாக வைத்து, எல்லாம் இறுக்கிய பிறகுதான் அதைக் கழற்ற வேண்டும். ஹெட்டைப் பிடிக்கிற கொக்கி 8 மில்லிமீற்றருக்குக் குறையாத தகட்டில் இருக்கட்டும். விரலால் அழுத்தினால் எண் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் தகடு போதாது. வார்ப்பிரும்பில் எம்5 க்கு 4.2, எம்6 க்கு 5 மில்லிமீற்றர் துளை. எண்ணெய் இல்லாமலே டாப் அடிக்கலாம். சேடில் இரண்டு பக்கமும் போய் முட்டுகிற இடத்துக்குப் பிறகும் ஹெட்டுக்கு ஒரு பத்து மில்லிமீற்றராவது மிச்சம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருநாள் ஹெட் ஸ்கேலின் முனையில் முட்டும், அன்றைக்குக் கண்ணாடி போகும். இன்னொன்று, பெட்டி வந்தவுடன் துளை போடத் தொடங்காதீர்கள். டிஸ்பிளேயில் கொழுவி, ஹெட்டை முழு நீளத்துக்கும் கையால் ஓட்டிப் பாருங்கள். கண்ணாடி வழியில் உடைந்து வருவது உண்டு.

டிஸ்பிளேக்கு லேத் முறையில் விட்டம் காட்டுகிற வசதி இருக்க வேண்டும், அது கிறொஸ் ஸ்லைட் நகர்வை இரட்டித்துக் காட்டும். முதலில் ஒரு மெல்லிய வெட்டு எடுத்து, கிறொஸ் ஸ்லைடை அசைக்காமல் சேடிலை மட்டும் விலக்கி, விட்டத்தை மைக்ரோமீற்றரால் அளந்து, அந்த எண்ணையே டிஸ்பிளேயில் கொடுங்கள். பிறகு திரையில் தெரிவதுதான் விட்டம். கிறொஸ் ஸ்லைடுக்கு மேலே இருக்கிற கொம்பவுண்ட் ஸ்லைடை நகர்த்தினால் டிஆர்ஓவுக்கு அது தெரியாது. டூலை மாற்றினாலும் தெரியாது. பூச்சியத்தை அடிக்கடி எடுக்காமலிருக்க விரைவாக மாற்றுகிற டூல் போஸ்டும், டூல்களின் அளவைச் சேமிக்கிற டிஸ்பிளேயும் உதவும். பெட்டியாக வருகிற டிஸ்பிளேக்குப் பதிலாக டச்டிஆர்ஓ மாதிரி ஆண்ட்ராய்ட் டேப்லெட்டில் ஓடுகிற செயலியும் பாவிக்கலாம்.

கரண்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மோட்டர் தொடங்கும்போது எண் தாவுகிறது என்றால் பெரும்பாலும் ஏர்த் சரியில்லை. லேத் உடல், ஸ்கேல் கூடு, டிஸ்பிளே மூன்றும் ஒரே ஏர்த்தில் இருக்க வேண்டும். இன்வேர்ட்டர் வைத்து மூன்று பேஸ் மோட்டர் ஓட்டினால் மோட்டர் வயரை ஸ்கேல் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். கரண்ட் போன நேரத்தில் ஸ்லைடைத் தட்டினால் பூச்சியம் தொலைந்தது, திரும்ப எடுக்க வேண்டும். கம்பிரசர் காற்றால் ஸ்கேலை ஊதாதீர்கள். அது தூளை இதழுக்குள் தள்ளும். லேத்தை இரவில் மூடுவதென்றால் துணியால் மூடுங்கள், பொலித்தீன் ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும்.

பூட்டியதும் சரிபார்க்க வேண்டும். 25-50 மைக்ரோமீற்றரோடு வருகிற 25 மில்லிமீற்றர் சரிபார்ப்புத் தண்டு போதும். ஹெட் ஸ்டொக் பக்கம் பெட்டில் டயல் கேஜை நிறுத்தி, சேடில் வந்து தொட்டதும் இரண்டையும் பூச்சியமாக்குங்கள். பின்வாங்கி, நடுவில் தண்டை வைத்து, டயல் கேஜ் திரும்பப் பூச்சியம் காட்டும்வரை வாருங்கள். டிஸ்பிளேயில் 25.000 க்கு ஐந்து பத்து மைக்ரோன் முன்பின் வந்தால் நல்லது. நிறையப் பிசகினால் ஸ்கேல் சாய்ந்திருக்கிறது, அல்லது கொக்கி வளைகிறது. டிஸ்பிளேயில் திருத்தம் கொடுக்கிற வசதி இருக்கும். காரணத்தைத் தேடாமல் அதைத் தொடாதீர்கள்.

மாதத்தில் ஓரிரண்டு புஷ்ஷும் புலியும்தான் வருகிறது என்றால் இவ்வளவும் தேவையில்லை. மில்லிமீற்றர் கணக்கில் நீண்ட ஓட்டமுள்ள டயல் கேஜ் ஒன்றைச் சேடிலுக்கும் சிறியது ஒன்றைக் கிறொஸ் ஸ்லைடுக்கும் நிறுத்தினால், இதே வேலையில் பெரும்பங்கு நடக்கும். பேக்லாஷும் அதில் சேராது.

மரை வெட்டுவதற்கு டிஆர்ஓ உதவாது. புரி இடைவெளி, சக் பூட்டிய ஸ்பின்டிலும் சேடிலை இழுக்கிற லீட் ஸ்குறூவும் பல்சக்கரங்களால் இணைந்து ஓடுவதில் வருகிறது, டிஸ்பிளே அதில் தலையிடுவதில்லை. உங்கள் லீட் ஸ்குறூ அங்குலத்துக்கு 8 மரை, ஒரு சுற்றுக்கு 3.175 மில்லிமீற்றர். 1.5 மில்லிமீற்றர் மரைக்குச் சரியான விகிதம் 60 க்கு 127, அதற்கு 127 பல் சக்கரம் வேண்டும். அது இல்லாமல் நெருங்கிய விகிதங்களில் வெட்டலாம், நட்டு ஒன்று போடுகிற நீளத்துக்குப் பிசகு தெரியாது. வெட்டி முடியும்வரை, சேடிலை லீட் ஸ்குறூவோடு கொழுவுகிற அரை நட்டைத் திறக்காதீர்கள். மோட்டரை எதிர்ப்பக்கம் ஓட்டித்தான் சேடிலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். டிஆர்ஓ உதவுவது ஆழத்திலும் நிறுத்துகிற இடத்திலும்: எம்10 இல் 1.5 மரைக்கு அடிவிட்டம் 8.16 வரும்வரை திரையைப் பார்த்தே போகலாம், தோளுக்கு எவ்வளவு கிட்ட வந்துவிட்டீர்கள் என்பதும் தெரியும். எம்எல்7 இல் சக் மரையில் முறுக்கிப் பூட்டியது, பூட்டு ஒன்றும் இல்லை. வேகத்தில் ஓடுகிற மோட்டரைச் சட்டென்று எதிர்ப்பக்கம் திருப்பினால் சக் கழன்று பெட்டில் விழும். நின்ற பிறகு, குறைந்த வேகத்தில் திருப்புங்கள். சின்ன மரை என்றால் ஸ்பின்டிலின் பின்பக்கம் ஒரு கைப்பிடி செய்து பூட்டி, கையாலேயே முன்னும் பின்னும் சுழற்றுவது இன்னும் நல்லது.